‘அண்ட் ப்ரொசீட்’: ஆபரேஷனுக்கு முந்தைய இரவு கைக்கு வரும் தாள்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்கு நர்ஸ் ஒருவர் கேஸ் ஷீட்டோடு வருவார். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு போடுங்கம்மா." விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து விழும். கூட இருக்கும் அட்டெண்டரும் ஒன்று போடுவார். உறவுமுறை என்ற இடத்தில் ‘கணவர்’ என்றோ ‘மகன்’ என்றோ எழுதுவார். ஒரு நிமிஷ வேலை. "பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்தத் தாளில் அச்சடித்த வரிகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது, முழுமனதோடு சம்மதிக்கிறேன்.’ அதை விடுங்கள். பார்க்க வேண்டியது கையால் நிரப்பும் கோடு: ஆபரேஷனின் பெயர். பல சமயம் அது காலியாக இருக்கும், பிறகு யாரோ நிரப்பிக்கொள்வார்கள். நிரப்பியிருந்தால் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டியிருக்கும். ‘அண்ட் ப்ரொசீட்.’ அல்லது ‘எஸ்.ஓ.எஸ். ப்ரொசீட்.’ திறந்து பார்த்துவிட்டு, தேவைப்படுவதைச் செய்துகொள்கிறோம் என்று அர்த்தம்.

வால் எப்போதுமே தப்பில்லை. குடலில் ஓட்டை விழுந்து, வயிறு பலகை போல இறுகி, ராத்திரி ஒரு மணிக்கு வருபவருக்கு ‘லேப்பராட்டமி அண்ட் ப்ரொசீட்’ (வயிற்றைத் திறந்து, தேவையானதைச் செய்வது) என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவது? ஓட்டை எங்கே, எவ்வளவு குடலை வெட்ட வேண்டும், மலம் வெளியேற வயிற்றில் பை மாட்ட வேண்டி வருமா என்பதெல்லாம் திறந்தால்தான் தெரியும். அங்கேயும்கூட ‘பை மாட்ட வேண்டி வரலாம்’ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்கிற சர்ஜன்கள் இருக்கிறார்கள். ஆனால் தேதி குறித்து, ஸ்கேன் எடுத்து, அட்வான்ஸ் கட்டி, சாவகாசமாகச் செய்யும் ஆபரேஷனில் அந்த வாலுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று பதில் சொன்னது. தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பில் (2008) 2 எஸ்.சி.சி. 1. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன்.

வழக்கின் சங்கதி இது. 1995 மே மாதம், திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர், மாதவிடாய் ரத்தப்போக்கு நாள் கணக்கில் நிற்கவில்லை என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். மறுநாள் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கலாம் என்று முடிவாகிறது. படிவத்தில் எழுதியிருந்தது: நோயைக் கண்டறியும் மற்றும் சிகிச்சைக்கான லேப்ராஸ்கோப்பி, லேப்பராட்டமி தேவைப்படலாம். கையெழுத்து போட்டது அவர்தான். முழு மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்தபோது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) தெரிகிறது. உதவி டாக்டர் தியேட்டரை விட்டு வெளியே வந்து, உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், இரண்டு கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு விவரம் தெரிந்தது மயக்கம் தெளிந்த பிறகு.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2003ல் அவர் புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. சொன்ன விஷயங்கள் தெளிவானவை. லேப்ராஸ்கோப்பிக்குக் கொடுத்த ஒப்புதல் கர்ப்பப்பையை எடுப்பதற்கான ஒப்புதல் ஆகாது. ‘லேப்பராட்டமி தேவைப்படலாம்’ என்ற வரி வயிற்றைத் திறக்கத்தான் இடம் தருகிறது, உறுப்பை எடுக்க அல்ல. நோயாளி வயது வந்தவர், சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடியவர். மயக்க மருந்தால் சில மணி நேரம் நினைவில்லை என்பதற்காக அவர் சார்பில் அம்மா முடிவெடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்தோ, தள்ளிப்போட்டால் உடல்நலத்துக்குப் பெரிய கேடோ இருந்தால் மட்டுமே ஒப்புதலில் இல்லாததைச் செய்யலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம்.

நஷ்டஈடு எவ்வளவு? 25,000 ரூபாய். டாக்டருக்கு ஆபரேஷன் கட்டணமும் கிடையாது. டாக்டர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, நோயாளியின் நன்மைக்கென்று நினைத்துத்தான் செய்தார் என்பதால் இந்தத் தொகை. பன்னிரண்டு வருஷம் வழக்கு நடத்தியவருக்கு வக்கீல் செலவில் கால்வாசியாவது வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் ஒப்புதல் தொடர்பாக இந்தியாவில் நடக்கும் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் யாரும் வாதாட முடிவதில்லை.

அதே தீர்ப்பில் டாக்டர் என்னென்ன சொல்ல வேண்டும் என்ற அளவுகோலும் இருக்கிறது. சிகிச்சை என்ன, எப்படிச் செய்வார்கள், எதற்காக, என்ன பலன், என்ன பின்விளைவு. வேறு வழி உண்டா. முக்கியமான ஆபத்துகள் என்ன. செய்யாமல் விட்டால் என்ன ஆகும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்தையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை. எவ்வளவு சொன்னால் போதும் என்பதை, பொறுப்பான மற்ற டாக்டர்கள் எவ்வளவு சொல்வார்களோ அதை வைத்து அளக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இது 1957ல் பிரிட்டனில் பிறந்த போலம் சோதனையின் வழி. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனே 2015ல் அந்த வழியை விட்டு நகர்ந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 சதவீத வாய்ப்பு உண்டு என்பதை டாக்டர் சொல்லவில்லை; குழந்தை பாதிக்கப்பட்டது. அந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மற்ற டாக்டர்கள் எவ்வளவு சொல்வார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது முக்கியமாகப் படும் என்று பார்க்கச் சொன்னது. நம் ஊரில் 2008ன் அளவுகோல்தான் அடித்தளம். அது டாக்டர் பக்கம் கொஞ்சம் சாய்ந்த தராசு என்பது என் கணிப்பு.

சரி, எந்த மாற்றத்துக்குப் படிவத்தில் இடம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது? வழி மாறுவது வேறு, போகிற ஊரே மாறுவது வேறு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பிக்கிறார்கள். உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு பித்தக்குழாய் எது என்றே பிரித்தறிய முடியவில்லை. உடனே வயிற்றைத் திறந்து முடிக்கிறார்கள். எடுக்கப்போவது அதே பித்தப்பைதான், பாதை மட்டும் மாறியது. இதைப் படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், திறக்க முடிவெடுக்கிற சர்ஜன் நல்ல சர்ஜனும்கூட. பிடிவாதமாகத் துளைவழியே தொடர்ந்து பித்தக்குழாயை வெட்டிவிடுவதுதான் விபரீதம். ஆனால் பார்க்க மட்டும் உள்ளே போய்விட்டு உறுப்போடு வெளியே வருவது ஊர் மாறிய கதை.

ஊர் மாறலாம் என்று டாக்டருக்கு முன்கூட்டியே சந்தேகம் இருந்தால், அதையும் எழுத வழி இருக்கிறது. சினைப்பைக் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியை லேபுக்கு அனுப்பி, அரை மணி நேரத்துக்குள் ‘ஃப்ரோசன் செக்ஷன்’ முடிவு வாங்க முடியும் (எல்லா ஊரிலும் அல்ல). அப்போது படிவத்தில் இரண்டு கிளையும் வர வேண்டும்: புற்றுநோய் இல்லையென்றால் கட்டி மட்டும், புற்றுநோய் என்று வந்தால் இன்னின்ன உறுப்புகள். நோயாளி இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் சம்மதித்துப் போட்ட கையெழுத்து செல்லும். ‘ப்ரொசீட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் இரண்டு வரி. எழுத நேரமில்லை என்பார்கள். இரண்டு வரிதான்.

கர்ப்பப்பை ஆபரேஷனில் கூடுதலாகக் கேட்டே ஆக வேண்டிய ஒன்று: சினைப்பை இருக்குமா, போகுமா? கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் சுரப்பு தொடரும். இரண்டு சினைப்பையும் போனால் மறுநாளே மெனோபாஸ். உடம்பு குப்பென்று சூடேறுவது, வியர்ப்பது, பின்னால் எலும்பு தேய்வது எல்லாம் சேர்ந்து வரும். நாற்பது வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. ‘யூட்ரஸ் எடுக்கணும்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. கட்டியில்லாத வெறும் ரத்தப்போக்கு என்றால் மாத்திரை, ஹார்மோன் தரும் காப்பர்-டி போன்ற சாதனம், கர்ப்பப்பையின் உள்சவ்வை மட்டும் சுடும் சிகிச்சை. நார்க்கட்டி என்றால் கட்டியை மட்டும் எடுப்பது. இவை ஏன் ஒத்துவராது என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். ஒத்துவராமல் இருக்கலாம், சொல்லாமல் இருக்கக் கூடாது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்கள் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்ததாக வந்த பொதுநல வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது.

படிவம் கைக்கு வரும்போது பேனாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயர்க் கோடு காலியா? "டாக்டர் வந்து எழுதட்டும், அப்புறம் போடறேன்" என்று சொல்லுங்கள். நர்ஸ் முகம் சுளிக்கலாம். அவர் மேல் தப்பில்லை, தாளை வாங்கிவரச் சொன்னவர் வேறு. எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முட்டி, கண், சிறுநீரகம், குடலிறக்கம் என்றால் வலது, இடது என்ற சொல் முழுதாக இருக்க வேண்டும். வெட்டப்போவது யார் என்ற பெயரும் வேண்டும். மயக்க மருந்துக்குத் தனி ஒப்புதல், ரத்தம் ஏற்றத் தனி ஒப்புதல், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதல் வேண்டும். மிடாசோலம் போன்ற தூக்க ஊசி போட்ட பிறகு ட்ராலியில் படுத்தபடி வாங்கும் கையெழுத்து, கோர்ட்டில் ஆஸ்பத்திரிக்குத்தான் தலைவலி. ஆங்கிலப் படிவம் புரியாவிட்டால் தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

வேண்டாததை நீங்களே எழுதலாம். சட்டம் தடுக்கவில்லை. ‘கர்ப்பப்பையையோ சினைப்பையையோ எடுக்க இப்போது சம்மதம் இல்லை. உயிருக்கு ஆபத்து ஏற்பட்டால் தவிர, வேறு எது தேவைப்பட்டாலும் மயக்கம் தெளிந்தபின் என்னிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும்’ என்று பெயர்க் கோட்டுக்குக் கீழே தமிழிலேயே எழுதி, தேதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்ததும் டாக்டர் ஓடிவந்து பேசினால் நல்லது. நடந்திருக்க வேண்டிய பேச்சு அதுதான். "அப்படியானால் நான் ஆபரேஷன் செய்ய மாட்டேன்" என்று அவர் சொல்லலாம். அவசரமில்லாத சிகிச்சையில் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நமக்கும் வேறு டாக்டரைப் பார்க்க அவகாசம் உண்டு.

கணவர் கையெழுத்து விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இன்னும் நடைமுறையில் இருக்கும் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி 7.16, மலட்டுத்தன்மை ஏற்படக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. அரசின் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் வழிகாட்டியோ வாழ்க்கைத்துணையின் ஒப்புதல் தேவையில்லை என்கிறது. இரண்டில் எதைப் பிடித்தாலும் ஒன்று மாறாது: பெண்ணின் கையெழுத்து இல்லாமல் கணவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது ஒப்புதலே அல்ல.

தியேட்டருக்குள் நடப்பதை நோயாளி பார்க்க முடியாது. ஆனால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள்; மூன்று இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். மயக்கம் கொடுக்கும் முன்: பெயர், ஆபரேஷன், எந்தப் பக்கம், ஒப்புதல், தோலில் குறி, ஒவ்வாமை. கத்தி வைக்கும் முன்: எல்லோரும் நின்று மறுபடி பெயரும் இடமும் சொல்வது, ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிஷத்துக்குள் போட்டாயிற்றா என்பது. வெளியே கொண்டுவரும் முன்: மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி, கருவிகளின் எண்ணிக்கை. டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. ஒரு தாள்தான், செலவே இல்லை. நம் ஊரில் பல இடங்களில் இதை ஆபரேஷன் முடிந்தபின் டீ குடித்துக்கொண்டே ‘டிக்’ அடிப்பதும் உண்டு.

மாப் கணக்கு தப்புவது எப்படி? வயிற்றுக்குள் வைக்கும் மாப் ரத்தத்தில் ஊறினால் குடலின் நிறத்திலேயே ஆகிவிடும். மடிப்புக்குள் நழுவினால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஓரத்தில் நாடாவும், எக்ஸ்ரேயில் தெரியும் நூலும் வைத்துத் தைக்கிறார்கள். ஆரம்பத்தில் எண்ண வேண்டும், வயிற்றின் உள்சவ்வை மூடும் முன் எண்ண வேண்டும், தோல் தைக்கும் முன் மறுபடி. நடுவில் புதுக் கட்டு பிரித்தால் அதையும் போர்டில் எழுத வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது, அவசரத்தில், மாப்பை இரண்டாக வெட்டிப் பயன்படுத்தும்போது கணக்கு போகும். குறைந்தால் பக்கெட், துணிக்கட்டு, குப்பை எல்லாம் தேடி, கிடைக்காவிட்டால் மூடும் முன் தியேட்டரிலேயே எக்ஸ்ரே. அமெரிக்காவில் 2003ல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளே பொருள் தங்கிப்போன நோயாளிகளில், கணக்கு எடுத்தவர்களுக்குள் 88 சதவீதம் பேரின் தாளில் ‘கணக்கு சரி’ என்றே எழுதியிருந்தது. இன்னொன்றும் அதில் உண்டு: அவசர ஆபரேஷனில் இந்த அபாயம் ஒன்பது மடங்கு, பாதியில் திட்டம் மாறினால் நான்கு மடங்கு. ‘ப்ரொசீட்’ தியேட்டருக்குள்ளும் சும்மா இருப்பதில்லை.

உள்ளே துணி தங்கினால் அதற்கு நிபுணர் சாட்சி தேட வேண்டியதில்லை, சங்கதியே பேசும். 1963ல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆபரேஷன் செய்த பெண்ணின் வயிற்றில் ஒரு டவல் தங்கி, அவர் இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது 1996ல். நடுவில் 33 வருஷம்.

மற்றபடி, ஆபரேஷனுக்குப் பின் கெடுதல் வந்தாலே கவனக்குறைவு என்று ஆகிவிடாது. பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் பித்தக்குழாய்க் காயம் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நல்ல கைகளிலும் வரும். கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னார்களா? இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, கண் மஞ்சளானபோது ஸ்கேன் எடுத்தார்களா, இல்லை வெறும் வாயு, ‘கேஸ்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்களா? வழக்குகள் பெரும்பாலும் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

அதற்குத் தாள் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அது ஆஸ்பத்திரி எழுதிய கதைச்சுருக்கம். 2002 விதிப்படி நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளின் நகல் தர வேண்டும். மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஐ.பி. எண், தேதிகள் போட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒப்புதல் படிவம் இரண்டு பக்கமும், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்து சார்ட், மாப் கணக்குத் தாள், நர்ஸ் குறிப்பு, ஐ.சி.யூ. சார்ட். கடித நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு எதையாவது எடுத்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட்டையும் கேளுங்கள். எடுத்த உறுப்பில் நோய் இருந்ததா என்று சொல்லும் ஒரே தாள் அது. பயாப்சிக்கே அனுப்பவில்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கே போவது? பணம் கட்டிய சிகிச்சை என்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள். கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கட்டிய பணத்தை வைத்துத்தான் எல்லை. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றத்தின் வேறொரு தீர்ப்பு 1995லேயே சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம், மாநில மனித உரிமை ஆணையம். மருத்துவக் கவுன்சில் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம். பணம் வாங்கித் தராது. போலீஸ் புகாரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புப்படி மிக மோசமான அலட்சியம் இருந்தால் மட்டுமே கிரிமினல் வழக்கு, அதற்கும் முதலில் வேறொரு டாக்டரின் கருத்து வேண்டும்.

புகார் மனுவை எங்கே ஆரம்பிப்பது என்று பலரும் திணறுகிறார்கள். பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்து நாலு பக்கம் எழுதுகிறார்கள். ஒப்புதல் படிவத்தையும் ஆபரேஷன் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளில் உள்ள ஆபரேஷனின் பெயர், இரண்டாம் தாளில் உள்ள பெயர், இரண்டிலும் குறித்த நேரம். பெயர் வேறாக இருந்தால், நடுவில் யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்பது மூன்றாவது வரி. மனுவின் முதல் பத்திக்கு அது போதும்.